மறு: ஆன்டிபாஸ்தோவுக்குத் தமிழ்: 'முன்னூண்' சந்தையில் தேறவில்லை

வணக்கம் நண்பர்களே,

இத்தாலிய விருந்தில் எல்லாச் சுற்றுக்கும் முன்னால் வைக்கும் தட்டுக்கு ஆன்டிபாஸ்தோ என்று பெயர். அதற்குத் தமிழில் 'முன்னூண்' என்று போன மடலில் முன்மொழிந்தவன் நான்தான். இப்போது நானே அதைத் திரும்பப் பெறுகிறேன். சனிக்கிழமை சந்தைக்குப் போன இடத்தில் சொல் உடைந்துவிட்டது.

நான் இருப்பது இத்தாலியின் பொலோஞாவில். நகரின் நடுவே, மஜ்ஜோரே சதுக்கத்துக்கும் இரட்டைக் கோபுரங்களுக்கும் இடையில், குவாத்ரிலாத்தெரோ என்றொரு பழைய சந்தைப் பகுதி உண்டு. சின்னச் சின்னச் சந்துகள். மீன்கடை, பழக்கடை, பன்றித்தொடைகள் தொங்கும் கடை எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அன்று மாலை ஆறு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. சீட்டைத் தமிழிலேயே எழுதினேன், தலைப்பு 'முன்னூண் தட்டு'. வழியில் அம்மா ஃபோனில் பிடித்தார். முன்னூணுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்றேன். "ஆரம்பத்துலயே கறியா? காயே வைக்க மாட்டியா?" என்றார்.

அவ்வளவுதான். உணவு என்ற பொருளில் நான் சொன்ன 'ஊண்', அவர் காதில் இறைச்சி என்ற 'ஊன்' ஆக விழுந்துவிட்டது. ஆத்திசூடியின் 'மீதூண் விரும்பேல்' நமக்குத் துணை இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருந்தேன். புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் ணகர னகரத்தைப் பேச்சில் பிரித்து ஒலிப்பவர் நம்மில் எத்தனை பேர்? பாதிக்குப் பாதி காய்கறி இருக்கும் தட்டுக்கு இந்தப் பெயர் ஆகாது. 'முன்னுணவு' என்றே வைத்துவிடலாம். அம்மாவிடம் அதையும் சொல்லிப் பார்த்தேன். "சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரையா?" என்றார். பரவாயில்லை, இறைச்சிக்கு மாத்திரை மேல்.

இழையில் வந்த மற்றச் சொற்களையும் வீணாக்க வேண்டாம். 'பாஸ்தாமுன்' மட்டும் விலக்கு. ஆன்டிபாஸ்தோவில் உள்ள 'பாஸ்தோ' என்பது வேளை உணவு. பாஸ்தா வேறு சொல், வேறு வேர். 'பசிதூண்டி' நல்ல சொல், ஆனால் அது அபெரித்தீவோவுக்குப் பொருந்தும். உணவுக்கு முன் குடிக்கும் அந்தப் பானத்தின் பெயரிலேயே 'திறப்பது' என்ற பொருள் இருக்கிறது, பசியைத் திறப்பது. 'தொடக்க உணவு', 'முதலுணவு' என்றால் ப்ரீமோவோடு மோதும். பாஸ்தா, ரிசோத்தோ, சூப் வரும் சுற்றுக்கு இங்கே 'முதல்' என்றே பெயர். அதற்கும் முன்னால் வருவதுதான் நம் பண்டம். தொட்டுக்கொள்ளும் கறி என்ற பொருளில் 'தொடுகறி'யை யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னபோது தயங்கினேன். இப்போது பார்த்தால், இறைச்சிச் சுற்றோடு ஓரமாக வரும் கொந்தோர்னோவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சரி, கடைக்கு வருவோம். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி வகைகளுக்குச் சலூமி என்று பெயர். சலூமி கடையில் எடை எத்தோவில்தான். ஒரு எத்தோ 100 கிராம். ப்ரொஷூத்தோ இரண்டு எத்தோ, மொர்த்ததெல்லா ஒன்றரை எத்தோ கேட்டேன். என் சீட்டில் இந்த வகைக்கு 'உப்புக்கண்டம்' என்று எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால் நம் உப்புக்கண்டம் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காய்வது. பிறகு வறுத்தோ குழம்பு வைத்தோ சாப்பிடுவது. பார்மா ப்ரொஷூத்தோ முழுத் தொடை. பன்றியும் உப்பும் தவிர வேறொன்றும் இல்லை. ஓராண்டுக்கு மேல் காற்றில் பதமாகிறது, சமைக்காமலே உண்கிறார்கள். தோலில் ஐந்து முனைக் கிரீட முத்திரை சுட்டிருந்தால்தான் அது பார்மா. மொர்த்ததெல்லாவோ காய்ந்ததே அல்ல. அரைத்த பன்றியிறைச்சியில் கொழுப்புத் துண்டுகள் பதித்து, அடுப்பில் மெல்ல வேகவைத்தது. 'உலர் இறைச்சி' என்று எழுதினால் பொலோஞாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பன்றியைத் தவிர இரண்டுக்கும் பொது, உப்பு ஒன்றுதான். சலூமி என்ற சொல்லே உப்பிலிருந்து வந்தது.

சீஸுக்குப் 'பாலாடைக்கட்டி' இருக்கிறது, அதைக் கிளற வேண்டாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ போன்றவை சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர்கள். அவற்றைத் தமிழாக்காமல் அப்படியே விட வேண்டும். ஒரு எச்சரிக்கை: பார்மிஜானோவுக்குப் பால் உறையக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைத்தான் சேர்ப்பார்கள். சமையல் குறிப்பில் 'சைவத் தட்டு' என்று எழுதிவிட்டு இதை வைத்துவிடாதீர்கள்.

அப்புறம் புட்டிகள். இத்தாலியர் 'எண்ணெய்க்கு அடியில்', 'வினிகருக்கு அடியில்' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), கத்திரிக்காய், வெயிலில் காய்ந்த தக்காளி எல்லாம் முதல் வகை. காலிஃபிளவரும் கேரட்டும் வெங்காயமும் கலந்த ஜார்தினியேரா இரண்டாவது. 'எண்ணெயூறல்', 'காடியூறல்' என்று வைத்தேன். ஊறல் என்றால் போலீஸ் அழித்த சாராய ஊறல்தான் நினைவுக்கு வருகிறது என்று கோவை நண்பர் முன்பே சிரித்தார். வரட்டும். வெறும் 'எண்ணெய் ஊறுகாய்' என்றால் நம் ஆவக்காய் வந்து உட்கார்ந்துகொள்கிறதே. வீட்டில் செய்பவர்கள் கவனிக்க: கூனைப்பூவை வினிகர் கலந்த நீரில் வேகவைத்த பிறகே எண்ணெயில் இடுவார்கள். பச்சையாகப் போட்டு மூடினால் நஞ்சாகலாம்.

ஆலிவ், கேப்பர் ஒலிபெயர்ப்பே போதும். துரீனின் க்ரிஸ்ஸீனிக்கு 'குச்சி ரொட்டி'. யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பாக்கி நிற்பது சலூமிதான். 'உப்பிறைச்சி' என்று எழுதிப் பார்த்தேன். உப்புக் கரிக்கிற இறைச்சி என்று தொனிக்கிறதோ என்று ஐயம். 'பதனிறைச்சி'யில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தோல் பதனிடுவது மூக்கில் ஏறுகிறது. உப்புக்கண்டம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் இந்தக் குழுமத்தில் இருப்பீர்கள். அந்தச் சொல்லை இவ்வளவு தூரம் இழுத்தால் உங்கள் காதுக்கு உறுத்துமா?