மென்பொருள் பொறியியலுக்கு நான்கு பாடச் சான்றிதழ்: பல்கலைக்கழகம் தொடங்கலாமா?

கணினி வாத்தியார்

வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் பாடம் நடத்துகிறேன். இளநிலைப் பட்டம் முடித்தவர்களுக்காக மென்பொருள் பொறியியலில் ஒரு முதுநிலைச் சான்றிதழ் தொடங்கலாம் என்று எங்கள் துறையில் பேச்சு வந்திருக்கிறது. நான்கு பாடம், 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு). வாடிக்கையாளர் தேவைகளைத் திரட்டுவது, வடிவமைப்பு, டெஸ்டிங், திட்ட மேலாண்மை. மாலை வகுப்பு. கிரெடிட்டுக்கு 850 டாலர், ஆக 10,200. அடுத்த மாதம் துறைக் கூட்டத்தில் வாக்கெடுப்பு.

ஆதரிக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் தொழிலில் பல வருடம் இருப்பவர்கள், ஆள் எடுப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்காமல் கையைத் தூக்க மனம் வரவில்லை.

திருச்சி ஜெயா

வேண்டாம் சார். பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் ஏழு வருஷம் ஆள் எடுக்கும் பொறுப்பு. ரெஸ்யூமே கைக்கு வந்தால் என்ன வேலை செய்திருக்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்புறம் பட்டம். சான்றிதழைப் பார்த்து இதுவரை ஒருவரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதில்லை. இந்த நான்கு பாடத்தில் இருப்பதெல்லாம் வேலை பார்த்தால் தானாக வந்துவிடும்.

இதைவிடப் பெரிய முத்திரையே இந்தத் துறையில் எடுபடவில்லை. மற்ற பொறியாளர்களுக்கு இருப்பதுபோல மென்பொருளுக்கும் தொழில் உரிமத் தேர்வு ஒன்றை அமெரிக்காவில் 2013இல் கொண்டுவந்தார்கள். 2019 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். அத்தனை வருஷத்திலும் எழுதியவர்கள் மொத்தம் 81 பேர். உரிமத்துக்கே இந்தக் கதி என்றால் நான்கு பாடத்துக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

ரேவதி டெஸ்டர்

ஜெயா அக்கா, நான் அப்படி ஒரு சான்றிதழ் படித்தவள். அதனால் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு டெஸ்டிங்குக்கு வந்தேன். காப்பீட்டு பிரீமியம் கணக்கிடும் மென்பொருள். ஐந்து வருஷம் டெஸ்ட் கேஸ், அதாவது எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற குறிப்புகள், எழுதினேன். எப்படி எழுதினேன் என்றால், தேவை ஆவணத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அப்படியே திருப்பி எழுதுவேன். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். தப்பு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஒரு முறை பிப்ரவரி 29 அன்று எடுத்த பாலிசிகள் அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது காலாவதி ஆனவை என்று காட்டின. என் டெஸ்ட் கேஸ் முந்நூறுக்கு மேல் இருந்தது. ஒன்றில்கூட அந்தத் தேதி இல்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து அழுதேன்.

உள்ளீடுகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையின் எல்லையிலும் சோதிக்க வேண்டும் என்பதைச் சான்றிதழ் வகுப்பின் மூன்றாவது வாரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாடப்புத்தகங்களில் இருக்கும் விஷயம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வேலை பார்த்தால் தானாக வந்துவிடும் என்கிறீர்கள். எனக்கு ஐந்து வருஷத்தில் வரவில்லையே அக்கா.

பழைய கோட்

ரேவதி சொல்வது உண்மைதான், ஆனால் நான் விலையைப் பற்றிப் பேச வேண்டும். ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் இணையவழி கணினி மாஸ்டர்ஸ் தொடங்கியது. பத்துப் பாடம், முழுப் பட்டம், ஏறக்குறைய 7,000 டாலர். நான் அதில்தான் படித்தேன். வேலையும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷத்தில் முடித்தேன். வாத்தியார் சார் பல்கலைக்கழகத்தில் நான்கு பாடத்துக்கு 10,200. பட்டமும் கிடையாது. என் தங்கை கேட்டால் இதில் சேராதே என்றுதான் சொல்வேன். கேட்பவர் யாராக இருந்தாலும் அதே பதில்தான்.

கணினி வாத்தியார்

விலை விஷயத்தில் உங்களுக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை, பழைய கோட். ஒன்றை மட்டும் சொல்லலாம். வேலை செய்யும் இடத்தில் படிப்புச் செலவு கொடுத்தால், வருடத்துக்கு 5,250 டாலர் வரை ஊழியருக்கு வருமான வரி கிடையாது. நான்கு பாடத்தை இரண்டு காலண்டர் வருடத்தில் பிரித்துப் படித்தால் வருடத்துக்கு 5,100. அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். கட்டணத்தை இந்தக் கணக்கு வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

பழைய கோட்

அப்படியென்றால் கம்பெனி கொடுக்கிறவருக்கு மட்டும்தான் இது. ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கும், வேலை போய் வீட்டில் இருப்பவருக்கும் அந்த 5,250 எங்கிருந்து வரும்? படிப்பு அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

நள்ளிரவு டிப்ளாய்

ஜெயா மேடத்துக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். புது கோட், அதாவது புது நிரலை, எட்டு சர்வரில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். விடுபட்ட எட்டாவதில் பல வருஷமாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோட் அப்படியே இருந்தது. அந்தப் பழைய வசதியைத் தூண்டும் ஃபிளாகை, அதாவது சுவிட்ச் போன்ற ஒரு குறியைத்தான், புது வேலைக்கு மறுபடி எடுத்திருந்தார்கள். சந்தை திறந்ததும் அது உயிர்பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நிறுவனத்தை இன்னொருவர் வாங்க வேண்டிய நிலை வந்தது.

அங்கே இருந்தவர்கள் அனுபவம் இல்லாதவர்களா? இல்லை. பயன்படாத நிரலை அகற்றுவது, ஏற்றியதை இன்னொருவர் சரிபார்ப்பது, கோளாறு வந்தால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது, இவை ஒரு ஒழுங்காக அங்கே இல்லை. வேலையிடம் தன் பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். அந்தப் பழக்கமே தப்பாக இருந்தால்? வெளியே நின்று பார்க்க ஓர் இடம் வேண்டும். பல்கலைக்கழகம் அதற்குத் தகுந்த இடம் என்று நினைக்கிறேன்.

திருச்சி ஜெயா

நினைவிருக்கிறது தம்பி. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அதை நானே சொல்வேன். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் கேள்வியும் இருக்கிறது. எட்டாவது சர்வரைச் சரிபார்க்கும் ஒழுக்கம் ஸ்லைடைப் பார்த்து வருமா? வாத்தியார் சார் கொடுத்த பட்டியலில் நான்கும் உட்கார்ந்து கேட்கும் பாடம். ஆறு பேர் சேர்ந்து ஒரே நிரலில் கை வைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் உடைத்து, தேவை நடுவில் மாறி, அப்போது என்ன செய்வது என்று பார்க்க அதில் இடம் எங்கே இருக்கிறது?

ரேவதிக்கு: உன் ஐந்து வருஷத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதது அந்த இடத்தின் குற்றம். அதற்கு நீ காசு கட்டிப் படிக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

ஈரோடு குமரன்

விவாதம் வேறு பக்கம் போவதற்குள் ஒரு முக்கியமான விஷயம். இந்தச் சான்றிதழை நம் ஊர் மாணவர்களிடம் யாரும் விற்றுவிடக் கூடாது. அறிவியல், தொழில்நுட்பம் படித்த வெளிநாட்டு மாணவர்கள் அமெரிக்காவில் கூடுதலாக வேலை செய்ய உதவும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்குப் பட்டம் வேண்டும், சான்றிதழ் போதாது. எச்-1பி வேலை விசாவில் தனியாக ஒதுக்கியிருக்கும் 20,000 இடங்கள் அமெரிக்க மாஸ்டர்ஸ் அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கு. நான்கு பாடம் படித்தவர் அந்த வரிசையில் நிற்க முடியாது. ஊரில் நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதுநிலை என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டர்ஸ் என்றே நினைத்துக்கொள்வார்கள். சார், துறைக் கூட்டத்தில் தயவுசெய்து இதைப் பேசுங்கள்.

கணினி வாத்தியார்

குமரன், நன்றி. இது முன்மொழிவில் ஒரு வரிகூட இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அது என் பிழைதான். பாட விவரப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே வர வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.

ஜெயா மேடம், பயிற்சி பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவலானதே 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டுக்குப் பிறகுதான். பெரிய மென்பொருள் திட்டங்கள் காலத்துக்கு முடியாமலும் செலவு கட்டுக்கடங்காமலும் போய்க்கொண்டிருந்த நேரம். சியாட்டில் பல்கலைக்கழகம் 1979இல் இதற்கு மாஸ்டர்ஸ் தொடங்கியது. அப்புறம் கார்னகி மெலனில் வந்த மாஸ்டர்ஸில் ஸ்டுடியோ என்று ஒரு பகுதி வைத்தார்கள். உண்மையான வாடிக்கையாளருக்கு மாணவர் குழு ஒரு மென்பொருளைச் செய்துகொடுக்க வேண்டும். மூத்தவர்கள் கூடவே இருந்து வழிகாட்டுவார்கள். நம் துறையில் நன்றாக நடந்த கல்வி என்று நான் நினைப்பது அதைத்தான்.

எங்கள் முன்மொழிவில் அது இல்லை. திட்ட மேலாண்மையைத் தனிப் பாடமாக நடத்துவதற்குப் பதில், அந்த மூன்று கிரெடிட்டையும் ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடலாம். திட்டத்தை நடத்தும்போதே மேலாண்மையும் வந்துவிடும்.

ரேவதி டெஸ்டர்

சார், இன்னொன்றும் கேளுங்கள். பிறகு மாஸ்டர்ஸ் சேர்ந்தால் இந்த 12 கிரெடிட்டும் அதில் கணக்காகுமா? எனக்கு ஆகவில்லை. நான் படித்த இடத்தில் வேறு பாட எண், வேறு அலுவலகம். மாஸ்டர்ஸ் சேரப் போனபோது முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். முன்பே தெரிந்திருந்தால் நேராக மாஸ்டர்ஸிலேயே சேர்ந்து, மெதுவாகப் படித்திருப்பேன். சான்றிதழ் எனக்கு நல்லது செய்தது என்று சொல்லும் நானே இதையும் சொல்கிறேன்.

பழைய கோட்

அது ஆகும் என்று எழுத்தில் கொடுத்தால் விலையைப் பற்றி நான் சொன்னதில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். மாஸ்டர்ஸுக்கு 30 கிரெடிட் என்றால் பன்னிரண்டு முன்னாலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. கம்பெனி காசு கொடுக்காதவருக்கு 10,200 அதிகம்.

கணினி வாத்தியார்

சரி. கூட்டத்தில் மூன்று திருத்தம் கொண்டுபோகிறேன். கிரெடிட் எல்லாம் மாஸ்டர்ஸில் சேர வேண்டும். நான்காவது பாடம் ஸ்டுடியோவாக மாற வேண்டும். விசா விஷயம் முதல் பத்தியில் வர வேண்டும். முதல் இரண்டில் ஒன்று போனாலும் எதிர்த்து வாக்களிப்பேன். கட்டணம் என் கையில் இல்லை, ஆனால் வேலை இல்லாதவர்களுக்குக் கட்டணச் சலுகை கேட்டுப் பார்ப்பேன்.

திருச்சி ஜெயா

சார், என் வாக்கு இருந்தால் இன்னும் வேண்டாம் என்பதுதான். அந்தத் தாளைப் பார்த்து ஆள் எடுக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஸ்டுடியோவில் செய்த வேலையின் வடிவமைப்பு ஆவணத்தையும், யார் எந்தப் பிழையைக் கண்டுபிடித்தார் என்ற குறிப்பையும் ஒருவர் கொண்டுவந்தால், உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவேன்.

ஸ்டுடியோவுக்கு உண்மையான வாடிக்கையாளர் வேண்டுமே, யார் வருவார்கள்? நான் சனிக்கிழமை போகும் இலவச உணவு மையத்தில் அரிசி, பருப்பு இருப்புக் கணக்கை இன்னும் ஒரு எக்செல் தாளில்தான் வைத்திருக்கிறோம். மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் கணக்கு காணாமல் போகிறது. திருத்தம் நிறைவேறினால் சொல்லுங்கள். வாடிக்கையாளராக நான் வருகிறேன். செவ்வாய் மாலை என்றால் வசதி.