அப்பாவின் கைப்பேசியில் தயாரிப்பாளர் சேர்த்த பேட்டரி வசதியை நீக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில், மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் அப்பாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள செயலிக்குத் தகவல் அனுப்பும். சென்ற மாதம் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு, திரை அணைந்த சிறிது நேரத்தில் அந்தச் செயலியைக் கைப்பேசியே நிறுத்திவிடுகிறது. போன வாரம் இரவு 2 மணிக்கு வந்த மின்சாரம் விடிவதற்குள் போய்விட்டது. காலையில் அப்பா மஞ்சள் காட்டுக்குப் போனபோது வாய்க்கால் ஈரமின்றிக் கிடந்தது.

2015-இல் வெளியான ஆண்ட்ராய்டு 6 முதலே உள்ள, கைப்பேசி சும்மா இருக்கும்போது செயலிகளைக் கட்டுப்படுத்தி பேட்டரியை மிச்சப்படுத்தும் ‘டோஸ்’ ஏற்பாட்டிலிருந்து செயலிக்கு விலக்கு அளித்துவிட்டேன், தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுத்துவிட்டேன். அதற்கும் மேல் தயாரிப்பாளர் தாமாகச் சேர்த்திருக்கும் பேட்டரி மேலாளரே தடையாக நிற்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருப்பதால் அதில் செய்த மாற்றங்களின் மூலநிரலை அவர்கள் தர வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 என்ற தளர்வான உரிமத்தில் வருவதால், அதன்மேல் கட்டிய இத்தகைய வசதிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. திறந்த மூலத்தை எடுத்து வளர்ந்தவர்கள், காசு கொடுத்து வாங்கிய உழவருக்கு அந்த மேலாளரை அணைக்கும் பொத்தானையாவது தந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஏடிபி (கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக இத்தகைய மேலாளரை நீக்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நீக்கினால் கைப்பேசி மறுபடி இயங்காமல் நின்றுவிடுமா? ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளமான லீனியேஜ் ஓஎஸ் நிறுவினால், பால் பணம் வரும் வங்கிச் செயலி தொடர்ந்து வேலை செய்யுமா? மாடல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அடுத்த தண்ணீர் முறைக்குள் வழி தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.