ஒகேனக்கல் வெள்ள வீடியோ: ஊர் வாட்ஸ்அப் குழுக்களைப் பூட்ட வேண்டுமா?

ஊட்டமலைக்காரன்:
போன ஞாயிறு ஒகேனக்கலில் கவிழ்த்து வைத்த எங்கள் பரிசல்கள் கவிழ்த்தபடியே கிடந்தன. தடை எதுவும் இல்லை. காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் அன்று காலை விநாடிக்கு 8 ஆயிரம் கனஅடிதான். ஆனால் முந்தைய இரவே ஒரு வீடியோ பரவிவிட்டது. நடைபாதைக் கம்பிகளை மூழ்கடித்துத் தண்ணீர் புரள்கிறது. "இன்றைய நிலவரம், யாரும் வராதீர்கள்" என்கிறது ஒரு குரல். படம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எடுத்தது. அப்போது நீர்வரத்து 2 லட்சம் கனஅடியைத் தாண்டியது. குரல் மட்டும் புதிது. மீன் வறுக்கும் அக்கா ஒருவர் மசாலா தடவிய வாளையைப் பிற்பகலில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். எண்ணெய் மசாஜ் செய்பவர்கள் பாட்டில் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஊர்க் குழுக்களைப் பூட்டி, இனி நிர்வாகி மட்டுமே எழுத வேண்டும். அதற்கான வசதி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

பென்னாகரம் டீச்சர்:
தம்பி, அதைப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக வருந்தவில்லை. கர்நாடகத்தில் கபினி அணையும் கே.ஆர்.எஸ். அணையும் நிரம்பினால் தண்ணீர் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? ஒரு நாள் வருமானத்தை மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வந்து பாறையில் நின்று படமெடுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

ஊட்டமலைக்காரன்:
தினமும் பார்க்கிறேன் டீச்சர். அதனால்தான் சொல்கிறேன். இரண்டு முறை பொய் எச்சரிக்கை வந்தால், மூன்றாம் முறை உண்மையாகவே ஆட்சியர் தடை போட்டாலும் "அந்தப் பழைய வீடியோதானே" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகக் கிளம்பிய வதந்தியில், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த வதந்தியைப் பரப்பியவர்களும் "எச்சரிக்கைக்காகத்தான்" என்றே சொல்லியிருப்பார்கள்.

தளி ராகிக்காடு:
பரிசல்காரருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு இன்னொன்று. மழைக்காலம் முடியும் நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரிக் காட்டுக்குள் இறங்கும். ராகி முற்றும் பருவமும் அதுதான். இரவு பதினொரு மணிக்கு யானையை முதலில் பார்ப்பவன் பரணில் காவல் இருப்பவன். குழுவைப் பூட்டிவிட்டால் அவன் நிர்வாகியை எழுப்பி அனுமதி வாங்க வேண்டுமா? அதற்குள் அரைக் காணி போய்விடும். வனத்துறைக்குப் போன் செய்யலாம், செய்கிறோம். ஆனால் பக்கத்து ராகிக்காட்டில் படுத்திருப்பவனுக்குக் குழுச் செய்திதான் முதலில் எட்டுகிறது.

ஓசூர் இரவு ஷிப்ட்:
பூட்டச் சொல்பவர்கள் சாவி யார் கையில் என்று யோசித்தீர்களா? எங்கள் பகுதிக் குழுவின் நிர்வாகி மனைத் தரகர். பூட்டினால் காலை முதல் இரவு வரை பாகலூர் சாலை பிளாட் விளம்பரம் மட்டும்தான் வரும்.

ஊட்டமலைக்காரன்:
அப்படியானால் என்ன செய்யலாம்? பலமுறை பகிரப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020-இலேயே கட்டுப்பாடு வந்தது. இந்த வீடியோவில் பலமுறை பகிரப்பட்டதைக் காட்டும் அந்த இரட்டை அம்புக்குறியே இல்லை. யாரோ இறக்கி, குரலைச் சேர்த்துப் புதிதாக ஏற்றியிருக்கிறார்.

ஓசூர் இரவு ஷிப்ட்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அண்ணா. ஏற்றியவர் ஒருவர், பூட்டு மட்டும் எல்லோருக்குமா? வீடியோ போடுகிறவர் தேதியும் இடமும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் நீக்க வேண்டும். தளிக்காரர் யானையைப் பற்றி எழுதினால் எந்தக் காடு, எத்தனை மணி என்று தானாகவே சொல்லிவிடுவார்.

தளி ராகிக்காடு:
இருட்டில் ஓடிக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டும் என்கிறீர்கள். குரல் பதிவு போடுவேன், அதற்கும் விதி சொல்லுங்கள்.

பென்னாகரம் டீச்சர்:
விதி எதுவாக இருந்தாலும் சரி, பூட்டினால் நான் விலகி வேறு குழு தொடங்குவேன்.

ஊட்டமலைக்காரன்:
தொடங்குங்கள் டீச்சர், என்னையும் சேருங்கள். தினமும் காலை 8 மணிக்குப் பிலிகுண்டுலு அளவை நானே போடுகிறேன்.

பென்னாகரம் டீச்சர்:
போடுங்கள். ஆனால் காலையில் 8 ஆயிரம் என்பது மாலையில் 20 ஆயிரம் ஆகிவிட்டால் அப்போதும் எழுதுவீர்களா, இல்லை கடைசிச் சவாரி முடியட்டும் என்று இருப்பீர்களா?