டிரிஸ்டன் டா குன்ஹா: கிளாஸ் தனியாளாக உருவாக்கிய ஊரா?

சங்கு: தென் அட்லாண்டிக்கில் இருக்கும் டிரிஸ்டன் டா குன்ஹாவை "வில்லியம் கிளாஸ் என்ற ஒற்றை ஸ்காட்லாந்துக்காரர் உருவாக்கினார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1827-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து 5 பெண்கள் வந்து இறங்காவிட்டால் அங்கே ஊர் ஏது?

பாய்மரம்: எழுதியது நான்தான். செயின்ட் ஹெலினாவில் சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியனை மீட்க யாரும் அந்தத் தீவைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று 1816-இல் பிரிட்டன் அங்கே படையை நிறுத்தியது. அடுத்த வருடம் படை கிளம்பியபோது கிளாஸ் தன் மனைவி மரியா, பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டார். மரியா பெண் இல்லையா?

சங்கு: ஒரு வீடு ஊராகுமா? மற்றவர்கள் தனிக்கட்டையாக இருந்தார்கள், அதனால்தானே கப்பல் தலைவரிடம் சொல்லிப் பெண்களை வரவழைத்தார்கள்? 1827, அதுதான் தொடக்கம். போன மாதம் பசிபிக் தீவான பிட்கெய்ர்ன் பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள், அங்கே குடியேறிய கலகக்கார மாலுமிகள் 9 பேரைச் சொன்னீர்கள், அவர்களோடு வந்த டஹிட்டிப் பெண்களை விட்டுவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

துடுப்பு: இருவருமே தவறு. அமெரிக்காவின் சேலம் ஊர்க்காரர் ஜோனத்தன் லாம்பர்ட் 1811-லேயே தீவு தனக்குத்தான் என்று அறிவித்துவிட்டார். அப்புறம், அது குன்ஹா இல்லை, குன்யா. போர்த்துகீசியப் பெயர்.

பாய்மரம்: லாம்பர்ட் அடுத்த வருடமே கடலில் மூழ்கிப் போனார். தமிழில் குன்ஹா என்றுதான் எழுதுகிறோம், உங்களிடம் யாரும் உச்சரிப்பு கேட்கவில்லை. ஊரின் பெயரே எடின்பரோ. ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்?

சங்கு: இதுகூடத் தெரியாமலா வாதாடுகிறீர்கள்? 1867-இல் எடின்பரோ கோமகன் ஆல்ஃபிரட் வந்து போனார், அவர் நினைவாக வைத்த பெயர் அது. கிளாஸ் இறந்ததோ 1853-இல். 1817-இல் கிளாஸும் பர்னெல், நான்கிவெல் என்ற இரு கொத்தனார்களும் போட்ட ஒப்பந்தத்திலேயே யாரும் யாருக்கும் மேலானவர் இல்லை என்று இருக்கிறது. அவரே கேட்காத தனிப் பெருமையை நீங்கள் ஏன் தருகிறீர்கள்? கிளாஸ், ஸ்வெயின், கிரீன் என்று ஆண்களின் குடும்பப் பெயர்கள் இன்றும் தீவில் இருக்கின்றன. அந்த ஐந்து பெண்களின் பெயர் எதில் இருக்கிறது? 1827-ஐ விட்டு நான் நகரமாட்டேன்.

துடுப்பு: குன்யா.

பாய்மரம்: மரியா 1817-லேயே அங்கே இருந்தார். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.