டெக்னோ ஆல்பத்தை வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியுமா?

பொங்கோல்காரன்:
நேற்றிரவு தூக்கம் வராமல் எதையோ தேடப்போய், ராபர்ட் ஹூட்டின் ‘மிரர் மேன்’ ஆல்பத்தில் போய் விழுந்தேன். அமெரிக்காவின் டெட்ராய்ட்காரர், டெக்னோ (மின்னணுக் கருவிகளில் செய்யும் ஆட்ட இசை) கேட்பவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். 1994-இல் வந்த அவருடைய ‘மினிமல் நேஷன்’ என்னிடம் இருக்கிறது. அப்புறம் ‘ஃப்ளோர்பிளான்’ என்ற பெயரில் தேவாலயக் குரல்களைக் கலந்து செய்ய ஆரம்பித்தார், பின்னால் மகள் லிரிக்கும் சேர்ந்துகொண்டார். அது எனக்கு ஒட்டவில்லை, அதோடு அவரை விட்டுவிட்டேன். இது அவர் தனியாகச் செய்தது. கேட்டு முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு டெக்னோ ஆல்பத்தைக் கடைசிவரை கேட்டது எனக்கே அபூர்வம். யாராவது கேட்டிருக்கிறீர்களா?

ஜியாக்_கிம்_பழசு:
தம்பி, அது 2020 நவம்பர் சரக்கு. இதையா இப்போதுதான் கண்டுபிடித்தாய்?

போகட்டும். டெக்னோவுக்கு ஆல்பமே தேவையில்லை என்பது என் கட்சி. 12 அங்குல இசைத்தட்டு, பக்கத்துக்கு ஒன்றிரண்டு, அவ்வளவுதான் அதன் அளவு. முன்னும் பின்னும் வெறும் தாளமாக நீட்டி விடுவதே டிஜே அடுத்த தட்டோடு கோப்பதற்காக. அதை சோபாவில் உட்கார்ந்து கேட்பது, சமையலுக்கு நறுக்கி வைத்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடுவது மாதிரி லா.

ஸூக் நடன கிளப் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் இருந்தபோது போய்ப் பழகியவன் நான். 2016-இல் கிளார்க் கீக்கு மாறிவிட்டது. அந்தப் பழைய கிடங்கில் வயிற்றில் வந்து விழுந்த பாஸ் ஒலியை உன் காதில் செருகிய மொச்சைக்கொட்டையா தரப்போகிறது? 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். உன் வீவக அடுக்குமாடி வரவேற்பறை அவ்வளவு நீளமா?

பொங்கோல்காரன்:
எனக்குப் புதுசு அண்ணே. நேற்றுத்தானே கேட்டேன்.

காதை நன்றாக அடைக்கும் இயர்போனுக்கு அறை நீளம் ஒரு பொருட்டே இல்லை. செவிப்பறைக்கு அழுத்தம் போனால் போதும். உடம்பில் படாது என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பில் படும்போது வேறு எதுவும் காதில் விழாது. ஓரத்தில் ஒரு சிம்பல் தாளத்தட்டு மெல்லத் திறந்து மூடுவதை அன்றைக்கு ஆடிக்கொண்டே கேட்டீர்களா என்ன?

ஈசூன்_அக்கா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பையன் இதைத்தான் கேட்கிறான், அதனால் எனக்கும் பங்கு உண்டு. ஒருநாள் வாஷிங் மெஷின் ஆட்டம் போடுகிறதென்று எழுந்து போய்ப் பார்த்தேன். மெஷின் சும்மா இருந்தது, சத்தம் அவன் அறையிலிருந்து.

பாட்டு என்றால் பாத்திரம் கழுவும்போது ஒரு வரியாவது வாயில் வரவேண்டும். நிமிடத்துக்கு 130 அடி என்றால் ஐந்து நிமிடத்தில் 650 தடவை அதே ‘டும்’. இதை இரண்டாம் முறை கேட்டேன் என்கிறாரே இந்தத் தம்பி!

தேக்கா_கோப்பி:
அக்கா, தைப்பூசத்தில் உறுமி கேட்டதில்லையா? அதுவும் ஒரே அடிதான், ஆனால் ஆள் ஆடிவிடுவார். டெக்னோ நமக்கு அந்நியமே இல்லை. சரண்ஜித் சிங் பம்பாயில் 1982-லேயே ரோலண்ட் 808 தாள இயந்திரம், 303 பாஸ் இயந்திரம் இரண்டையும் வைத்துப் பத்து ராகங்கள் வாசித்து எல்பி போட்டுவிட்டார். வெள்ளைக்காரன் அப்புறம்தான் வந்தான்.

மிருதங்கக்கை:
ஒவ்வொரு தடவையும் உறுமியை இழுக்காதீர்கள், தயவுசெய்து. உறுமிக்காரர் எதிரில் இருப்பவரின் காலைப் பார்த்து வாசிக்கிறார். ஆள் தளர்ந்தால் இழுப்பார், ஏறினால் நெருக்குவார். மடிக்கணினி யார் காலைப் பார்க்கிறது?

டெக்னோ கேட்கும் என் மாணவர்கள் கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தையும் இதோடு ஒப்பிடுவார்கள். அங்கே நடை மாறும், கணக்கு வளரும், தீர்மானம் வைத்துச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் அடியில், வந்து இறங்கவேண்டும், இறங்காவிட்டால் மானம் போகும். இங்கே மானம் போக வழியே இல்லை. இயந்திரம் தப்புவதில்லை.

ஜியாக்_கிம்_பழசு:
கோப்பி, ஒரு திருத்தம். சரண்ஜித் சிங்கின் தட்டு அந்தக் காலத்தில் கவனிக்கப்படாமல் போனது. 2010-இல் மறுபதிப்பு வந்தபிறகுதான் உலகம் தலை தூக்கிப் பார்த்தது. நல்ல தட்டு, என்னிடமும் உண்டு. ஆனால் அதற்கு நெருங்கிய உறவு சிக்காகோவின் ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசை. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் டெக்னோவை ஆரம்பித்தது அதைக் கேட்டு அல்ல. அப்புறம் அவர்கள் மூவரும் கறுப்பர்கள். வெள்ளைக்காரன் கதையை எங்கிருந்து பிடித்தாய்?

தேக்கா_கோப்பி:
சரி, சரி. அது நான் உளறியது.

செராங்கூன்_ஞாயிறு:
எனக்கு டெக்னோ தெரியாது. இந்தத் திரியைப் பார்த்துவிட்டு ‘மிரர் மேன்’ பாட்டுப் பட்டியலைத் திறந்தேன். முதல் பாட்டின் தலைப்பு, சிறு மாற்றத்தோடு, ஆங்கில வேதாகமத்தில் உள்ளது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:12: “இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்.” இந்த ஹூட் போதகரா?

பொங்கோல்காரன்:
ஆமாம், குருப்பட்டம் பெற்றவர். அலபாமாவில் குடும்பத்தோடு இருக்கிறார். ‘நிழலாட்டமாய்’ என்று படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆல்பம் முழுவதும் தலைப்புகளில் கண்ணாடி வந்துகொண்டே இருக்கிறது, நான் அதை வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். பழசு அண்ணே, தனித்தட்டாக ஒன்றை வாங்கியிருந்தால் இது எப்படித் தெரியும்? இதற்குத்தான் ஆல்பம் வேண்டும்.

ஜியாக்_கிம்_பழசு:
தலைப்பை அட்டையில் அச்சடித்தால் போதுமே. இசையில் எங்கே கண்ணாடி? தலைப்பை மறைத்துவிட்டு கேள், பார்ப்போம்.

பொங்கோல்காரன்:
இது நியாயமான குத்து. யோசித்துச் சொல்கிறேன்.

மிருதங்கத்துக்கு முதலில் பதில். 90-களின் தொடக்கத்தில் எல்லாரும் வேகத்தையும் சத்தத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹூட் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். மிச்சம் இருந்தது ஒரு தாளம், இரண்டு மூன்று சுரம். கணக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். 16 அடித் தாளத்தின் மேல் 7 அடியில் சுழலும் ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப வரும் துண்டை) போட்டால், 112 அடிக்கு ஒருமுறைதான் இரண்டும் சமத்தில் சந்திக்கும். நடுவில் அதே லூப் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். ஈசூன் அக்காவுக்கு 650 ‘டும்’ ஒன்றுபோலக் கேட்பது, ‘டும்’மை மட்டும் எண்ணுவதால்.

ஈசூன்_அக்கா:
எண்ணச் சொன்னது அந்த டும்தான் தம்பி, நானாக எண்ணவில்லை. பையனிடம் இதை வாசித்துக் காட்டினேன். “அம்மா, அந்த அங்கிள் சொல்வது கரெக்ட்” என்கிறான். உங்கள் வயசு என்ன?

பொங்கோல்காரன்:
41 அக்கா. அங்கிள்தான்.

மிருதங்கக்கை:
7-க்கு 16, 112. சரியான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் போட்டு வைத்த கணக்கு வேறு, மேடையில் பிடிக்கிற கணக்கு வேறு. இரவு ரயிலில் உட்லண்ட்ஸ் போகும்வரை கேட்டேன். நான்காவது பாட்டுக்கு மேல் காது மரத்துவிட்டது. ஒரு சந்தேகம்: அந்த 7 அடி லூப் எந்தப் பாட்டில் வருகிறது? தொடையில் தட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

பொங்கோல்காரன்:
ஐயா, அது கணக்கு புரிவதற்காக நான் சொன்ன உதாரணம். இந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று சொல்லவில்லையே.

மிருதங்கக்கை:
அடப்பாவி. மூன்று தடவை முதலிலிருந்து போட்டு எண்ணினேன்.

ஜியாக்_கிம்_பழசு:
நாலு பாட்டுக்கு மேல் மரத்துப்போன காதோடா?