பயிர்க் காவலுக்கு விலை குறைந்த தோட்டா: எதை வாங்குவது?

வயல்காவல்:
வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் காலபோக வயல். மாமாவின் ஒற்றைக்குழல் துவக்கு, 12 போர் (குழலின் அளவு), இந்த வருடம்தான் அனுமதிப்பத்திரத்தோடு என் பெயருக்கு மாறியது. இரவில் பரணில் நான் தனியே. கதிர் பால் பிடித்த நாளிலிருந்து பன்றி வருகிறது. போன கிழமை ஒரு தனியன் குளக்கட்டால் இறங்கி வந்து பரண் காலில் முதுகை உரசிக்கொண்டு நின்றது. மூச்சு விடவே பயந்துபோனேன்.

மாமாவின் தகரப் பெட்டியில் பதினொரு பழைய தோட்டாக்கள் இருக்கின்றன. கடதாசி உறை, பித்தளை அடியில் பச்சை பூத்திருக்கிறது. புதிது வாங்கப் பணம் இடிக்கிறது. வெயிலில் காயவைத்துப் பாவிக்கலாமா? எஸ்.ஜி. (பெரிய சன்னங்கள், அதாவது பெரிய ஈயக் குண்டுகள் கொண்ட தோட்டா) வேண்டுமா, நாலாம் நம்பர் (பொடிச் சன்னம்) போதுமா? பக்கத்துக் காணியில் வரம்பு வெட்டும்போது ரைபிள் ரவைகளும் கிளம்பின. அதன் வெடிமருந்தை எடுத்துப் பாவிக்கலாம் என்கிறார் ஒருவர்.

பாலையடி:
தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அந்த ரவைகளைத் தொடவே வேண்டாம். 2009க்கு முன், யுத்தத்தில், அந்த மண்ணில் என்னென்ன விழுந்தது என்று நமக்குத் தெரியும். ரவை கிளம்பிய இடத்தில் மிதிவெடியும் கிடக்கலாம். வெட்டுவதை நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். ரைபிள் மருந்து எரியும் வேகம் வேறு, 12 போர் மருந்தின் வேகம் வேறு. மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பத்திரத்தில் ரைபிள் ரவைக்கு இடமும் இல்லை.

பழைய தோட்டாவும் வேண்டாம். கடதாசி உறை ஈரம் குடித்தால் ஊதும். மருந்து கெட்டிருந்தால் வெயில் அதைத் திருத்தாது. என் தமையன் ஒருமுறை சுட்டபோது ‘புசுக்’ என்று மட்டும் கேட்டது. குழலை மடித்துப் பார்த்தோம், மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை. அடைப்பு நடுக்குழலில் நின்றிருந்தது. அடுத்ததைப் போட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். சத்தம் குறைந்தால் எப்போதும் குழலைப் பாருங்கள். சுட்டும் வெடிக்கவில்லை என்றால் குழல் வாயை வெட்டவெளிப் பக்கமாகப் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுத்துத்தான் மடிக்க வேண்டும். அந்தப் பதினொன்றையும் பொலிசில் ஒப்படையுங்கள்.

குளக்கட்டு:
பாலையடி அண்ணை சொன்னதோடு ஒன்று. வாங்க முன் துவக்கின் முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடியில் பொறித்திருக்கும் தோட்டா அறையின் நீளத்தைப் பாருங்கள். 65 மில்லிமீற்றரா 70ஆ? பழைய துவக்குகள் பல 65. 70 தோட்டா அதற்குள் சுலபமாகப் போய்விடும், அதுதான் ஏமாற்று. அந்த நீளம் சுட்டு விரிந்த உறைக்கு உரியது. விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஏறும்.

எஸ்.ஜி. என்றால் ஒரு அவுன்சுக்கு 8 சன்னம், நாலாம் நம்பரில் 170 வரை. கிட்ட நிற்கும் பன்றிக்கு எஸ்.ஜி. சரி, ஆனால் அது நெடுந்தூரம் போகும். அடுத்த வயல் பரண் எந்தப் பக்கம் என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். விரட்ட மட்டும் என்றால் விலை குறைந்தது எதுவும் போதும், சத்தம்தானே வேலை செய்கிறது.

பன்றியோடு யானையும் வந்தால், அதற்கு இந்த இரண்டு தோட்டாவும் உதவாது. 12 போர் அதை நிறுத்தாது, காயப்படுத்தும். புண் பழுத்து, வலியோடு அலையும் யானை மனிதரைக் கண்டால் விலகாது. 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வனசீவராசிகள் அலுவலகத்தில் யானை வெடி (யானையை விரட்டும் பட்டாசு) கேளுங்கள். தரையில் கம்பு நட்டுக் கட்டிய பரணில் நிற்காமல், உயரமான மரத்துக்குப் பரணை மாற்றுங்கள். நான்கு ஐந்து வயல்காரர் சேர்ந்து விதைப்பிலிருந்து அறுவடை வரை மட்டும் மின்வேலி போடலாம். துடிப்பு மின்சாரம் தரும் பெட்டியில்தான் கொடுக்க வேண்டும், வீட்டு லைனில் ஒருபோதும் கொழுவ வேண்டாம். அது ஆளையே கொல்லும்.

வயல்காவல்:
முன்கட்டையைக் கழற்றினேன், 65 என்று இருக்கிறது. கடைக்காரர் 70 தான் எடுத்து வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டேன். 65 வரும்வரை பொறுக்கிறேன். ரவை கிடந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டி, கிராம சேவகரிடம் சொல்லியாகிவிட்டது. நாளைக்குப் பாலை மரத்தில் பரண் கட்ட இரண்டு பேர் வருகிறார்கள்.