சிதைவு வேண்டாம், 'குழாய்த்திரிபு'ன்னு வைக்கலாமா?

அண்ணாச்சி, கொழுப்பைப் பிரிக்க சிலிக்காத் தூள் அடைச்ச கண்ணாடிக் குழாய்ல (column) ஏத்தும்போது அது குழாய்க்குள்ளயே மாறிக் கெட்டுப்போறதுக்கு நீங்க வச்ச 'தூண் சிதைவு'ங்க பேரு எனக்கு ஒத்துவரல. தூணுன்னா எங்க நாஞ்சில்நாட்டு ஆளுகளுக்கு சுசீந்திரம் கோயில் இசைத்தூண்தான் கண்ணுல வரும், நாம கையில பிடிக்கது கண்ணாடிக் குழாய், அப்போ குழாய்னே இருக்கட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் 'சிதைவு'. சிதைஞ்சா உடையணும்லா? டைகிளிசரைடுன்னா கிளிசராலோட மூணு இடத்துல ரெண்டுல கொழுப்பமிலம் ஒட்டினது; சிலிக்காவுல அதோட நடுவுல நிக்க கொழுப்பமிலம் ஓரத்துக்கு நகந்து 1,2 வடிவம் 1,3 ஆகும்போது ஒரு அணுகூட கொறையாது, மூலக்கூறு எடை அப்படியே இருக்கும், இடம்தான் மாறுது.

நான் பட்டதைச் சொல்லுதேன். குளச்சல்ல வாங்கின சாளையில குளோரோபார்ம் மெத்தனால் 2:1 கலவை வச்சு கொழுப்பெடுத்து சிலிக்கா குழாய்ல ஏத்தினேன், நேரமாயிட்டுன்னு பாதியில திருகை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டேன், காலைல மெத்தனால் விட்டு இறக்கி கரைப்பானை ஓட்டின பொறவு பாத்தா ஒரே காறல் வாடை. கொழுப்புகளைத் தனித்தனிப் பொட்டாப் பிரிச்சுக் காட்டுற மெல்லடுக்குத் தகட்டை (TLC) அயோடின் ஆவியில வச்சா பாஸ்பாடிடைல்கோலின்ங்க பாஸ்போலிப்பிடு (பாஸ்பேட் சேந்த கொழுப்பு) பொட்டுக்குக் கீழ புதுசா ஒரு மஞ்சப் பொட்டு, லைசோ, அதாவது அதுல ஒரு கொழுப்பமிலம் கழண்டது. குழாய்ல ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்துவச்ச சாம்பிள்ல அது இல்லவே இல்ல. அந்த சாம்பிள் இல்லன்னா மீனைத்தான் குத்தம் சொல்லியிருப்பேன், ஏன்னா ஐஸ் சரியா போடலன்னா மீனோட சொந்த நொதியும் இதே லைசோவத்தான் உண்டாக்கும். எங்க வச்சு கெட்டுதுங்கது சொல்லுலயே தெரியணும், அதுக்குத்தான் 'குழாய்' வேணும்ங்கேன்.

'திரிபு' ஏன்னா, நம்ம இலக்கணத்துல விகாரம் மூணு, தோன்றல் திரிதல் கெடுதல். காத்துப்பட்டு பெராக்சைடு வாறது தோன்றல், டைகிளிசரைடு இடம்மாறுறது திரிதல், பாஸ்போலிப்பிடுல ஒரு கொழுப்பமிலம் கழண்டு லைசோ ஆகுறது கெடுதல். மூணுக்கும் சேத்து ஒரு பேரு வேணும்னா திரிபுதான் சரியா நிக்கும், பால் திரிஞ்சுபோச்சுன்னு வீட்லயே சொல்லுதோம். கொரோனா திரிபோட கொழம்பும்னு யாராவது சொல்லலாம், முன்னால குழாய் நிக்கும்போது எப்படி கொழம்பும்?

செய்முறையில எழுதிப்பாத்தேன்: 'குழாய்த்திரிபு வராமலிருக்க கரைப்பானில் நைட்ரஜன் செலுத்தவும், சிலிக்கா காயவிடாமல் அன்றைக்கே இறக்கவும்.' வாயில நல்லா வருது. சிலிக்காவுக்குப் பதிலா அலுமினா அடைச்சா அதோட காரத்தன்மையால எஸ்டர் (கொழுப்பமிலத்தை ஒட்டிவச்சிருக்க பிணைப்பு) அறுபடுறதுக்கும் இதே சொல் போதும். 'சிதைவை' குழாய்க்கு வெளிய உண்மையிலயே உடையுற எடத்துக்கு விட்டுருவோம் அண்ணாச்சி.